மலைவீட்டில் ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட்: கைக்குதவும் குறிப்புகள்

தை பிறக்கும் சமயம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பஸ்ஸில் பாருங்கள். பொங்கலுக்கு வீடு திரும்பும் கல்லூரிப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் மடியில் ஒரு செருப்பு டப்பாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பச்சைப் பலகையும் வண்ண வண்ண ஒயர்களும் இருக்கும். வேலூர், ஆரணி, பர்கூர், சென்னை என்று கம்ப்யூட்டரும் எலெக்ட்ரானிக்ஸும் படிக்கிற கடைசி வருடப் பிள்ளைகள். கோடை பிறப்பதற்குள் புராஜெக்டை முடித்தாக வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேல் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி, கைடாகவும் எக்ஸாமினராகவும் உட்கார்ந்தவள் நான். கல்லூரி மேசையில் பத்து நிமிடம் ஓடியதை எல்லாம் பாஸ் போட்டிருக்கிறேன். ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில், மழை பெய்கிற ஒரு ராத்திரி முழுக்க ஓடினால்தான் அதைக் கருவி என்பேன். அப்படி ஓடவைக்க நினைக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் இந்தக் குறிப்புகள்.

1. தலைப்பைப் பட்டியலில் தேடாதீர்கள். சீனியர்களிடம் சுற்றிவரும் தலைப்புப் பட்டியலில் எல்லாமே 'ஸ்மார்ட்' என்றுதான் தொடங்கும். அதற்குப் பதில் ஒருநாள் முழுக்க அம்மா பின்னாலேயே நடங்கள். எதை அவர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்? தொட்டியில் தண்ணீர் ஏறியதா, காயப்போட்ட புளி நனைகிறதா, சேமித்த சாமையில் ஈரம் கோத்ததா? மூன்று தடவை போய்ப் பார்க்கிற இடம் எதுவோ அங்கேதான் உங்கள் தலைப்பு இருக்கிறது. இந்தக் குறிப்புகளில் சாமை சேமிக்கும் குதிரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். குதிர் இருக்கும் அறையில் ஈரப்பதம் ஏறினால் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி.

2. முதல் மாதம் ஒரே ஒரு சென்சார், ஒரே ஒரு எண். அது சரியாக வந்த பிறகுதான் மொபைல் ஆப், கிளவுட் எல்லாம். இதற்கு மலையிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து ஏறினால் வரும் காவலூர் வானாய்வகம் 1968-இல் தொடங்கியபோது அங்கே இருந்தது 38 செ.மீ. தொலைநோக்கி, வெளியே வாங்கியதில்லை, தாங்களே செய்துகொண்டது. நான்கு வருடம் கழித்து, 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் வந்தது. இன்று அதற்கும் ஆய்வகத்துக்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். உங்களுக்கு இருப்பது நான்கு மாதம். 38 செ.மீ. அளவில் யோசியுங்கள்.

3. சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும், ஆன்லைனில் போட்டாலும் சென்சாரை இரண்டிரண்டாக வாங்குங்கள். ஒன்று கருகினால் மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும். கூடவே உபரி ஜம்பர் ஒயர், ஃபியூஸ், மைக்ரோ யுஎஸ்பி கேபிள். கேபிளில் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம் உண்டு. அதை வைத்துப் புரோகிராம் ஏற்ற முடியாது. போர்டு கெட்டுவிட்டது என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்தக் கேபிள்தான் காரணம். பில்லைத் தூக்கிப்போட வேண்டாம், 17-ஆம் குறிப்பில் வேலை இருக்கிறது.

4. பழைய அஞ்சறைப்பெட்டி ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், திருகாணி வைக்க அருமையான பெட்டி. கிண்ணத்துக்கு ஒரு மதிப்பு என்று பிரித்து, மூடியில் துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். மஞ்சள் வாசம் போகக் கழுவி, வெயிலில் காய வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஐசி, போர்டு இரண்டையும் மட்டும் அவை வந்த வெள்ளி நிற அல்லது இளஞ்சிவப்பு உறையிலேயே வையுங்கள். சாதாரண பாலிதீன் கவரில் நிலைமின்சாரம் ஏறி ஐசி செத்துப்போகும், வெளியே அடையாளமே தெரியாது.

5. சென்சார் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சமையலறையிலேயே சோதித்துவிடலாம். விலை குறைந்த டிஎச்டி11 சென்சார் வெப்பத்தில் இரண்டு டிகிரி வரை முன்பின் காட்டும். டிஎச்டி22 அரை டிகிரிக்குள் நிற்கும், ஈரப்பதத்திலும் அதுவே மேல். ஈரப்பதம்தான் உங்கள் விஷயம் என்றால் இரண்டாவதையே வாங்குங்கள்.

பாட்டில் மூடி ஒன்றில் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்தில் வையுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல், காற்றுப் போகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். சாதாரண அறை வெப்பத்தில் உப்புக்கு அப்படியொரு குணம். சென்சார் 81 காட்டினால் ஆறைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும். சாமைக்கும் இந்த எண் உதவும். அறையின் ஈரம் 75-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள்.

வெப்பத்துக்கு, தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 என்றால், நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த தம்ளரில் முக்குங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்டவில்லை என்று சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். காவலூர் ஆய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், வைவாவில் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

6. மண் ஈரம் பார்க்கிற புராஜெக்ட் என்றால், இரண்டு கால் நீட்டிய பழைய ரகம் வேண்டாம். மின்னோட்டத்தில் அந்தக் கால்கள் அரித்து, சில வாரத்தில் பொய் சொல்லத் தொடங்கும். கெப்பாசிட்டிவ் ரகம் வாங்கி, அதன் பலகை விளிம்பில் நெயில் பாலிஷை இரண்டு கோட் பூசிக் காயவிடுங்கள். விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறாது. அளவு வைப்பதற்கு உங்கள் நிலத்து மண்ணையே நன்றாகக் காயவைத்து ஒரு தடவை, நனைத்து ஒரு தடவை படியுங்கள். கல்லூரித் தொட்டி மண்ணில் எடுத்த அளவு மேட்டுநிலச் சாமைக் கொல்லைக்குப் பொருந்தாது.

7. ஐந்து வோல்ட் சென்சாரை ஈஎஸ்பி32 போர்டில் நேரே சொருகாதீர்கள், அதன் கால்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். தொட்டி மட்டம் பார்க்கும் எச்.சி.-எஸ்ஆர்04 என்றால், எக்கோ காலில் ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் பிரிப்பானாகப் போட்டால் சரியாக இறங்கிவிடும். இன்னொன்று: வைஃபை ஓடும்போது அந்த போர்டில் ஏடிசி2 கால்கள் அனலாக் படிக்காது. 32 முதல் 39 வரை எண்ணுள்ள கால்களில் கிடைப்பதைப் பயன்படுத்துங்கள்.

8. சிக்னலை நடந்து பாருங்கள். மலையில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு கோடு இருக்கும், அதே வீட்டுப் பின்கட்டில் ஒன்றும் இருக்காது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு, களம், கிணற்றடி என்று காலையும் இரவும் நடந்து, எங்கே எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று நோட்டில் படம் போடுங்கள். அந்தப் படம் உங்கள் ரிப்போர்ட்டின் முதல் படமாகட்டும்.

எஸ்எம்எஸ் அனுப்ப எஸ்ஐஎம்800எல் வாங்குகிறவர்கள் கவனிக்க: அது 2ஜி மட்டுமே பேசும், ஜியோ சிம்மில் வேலை செய்யாது. மெசேஜ் அனுப்பும் நொடியில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். போர்டின் 5 வோல்ட் காலிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அணைந்து அணைந்து எரியும். அதற்கென்று தனி பேட்டரி வைத்து, அருகிலேயே பெரிய கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள்.

சிக்னலே இல்லாத வீட்டுக்கு லோரா ரேடியோ. நம் நாட்டில் உரிமம் வாங்காமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்கிறது. கடையில் 915 என்று எழுதியதை மலிவாகத் தருவார்கள், அது அமெரிக்க அலைவரிசை, வாங்க வேண்டாம். 868 என்று விற்கும் மாடியூலை வாங்கி, புரோகிராமில் 866 என்று மாற்றிக்கொள்ளலாம். ஆன்டெனாவைத் திருகிய பிறகே மின்சாரம் கொடுங்கள். வெறுமனே அனுப்பினால் மாடியூலின் கடைசிக் கட்டம் கருகிப்போக வாய்ப்புண்டு.

விளம்பரத்தில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பது இடையில் ஒன்றும் மறைக்காத வெட்டவெளிக்கு. இங்கே நடுவில் ஒரு முகடு வந்தால் ஒரு கிலோமீட்டரே தாண்டாது. ஆன்டெனாவைக் கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டி உயர்த்துங்கள். மழை நாளில், இலைகள் நனைந்திருக்கும்போதும் ஒரு தடவை தூரம் அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. உங்கள் மலைதான் சொல்லும்.

9. சிக்னல் இருந்தாலும் எஸ்டி கார்டில் ஒரு பிரதி எழுதிவைக்கும்படி புரோகிராம் செய்யுங்கள். காற்றில் போனது போகட்டும், கார்டில் இருக்கும்.

10. பேட்டரிக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். ஈஎஸ்பி32 விழித்தே இருந்தால் சராசரி 80 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 2500 எம்ஏஎச் செல் ஒன்று 31 மணி நேரத்தில் காலி. கால் மணிக்கு ஒரு தடவை விழித்து, பத்து நொடியில் அளந்து அனுப்பிவிட்டுத் தூங்கினால், விழிக்கும் நேரத்துக்கு ஆகும் செலவு மணிக்கு ஒரு எம்ஏஎச்கூட இல்லை. கணக்குப்படி மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் பிள்ளைகள் செய்து பார்த்தால் பத்து நாளில் நின்றுவிடும். காரணம், சிப் தூங்கினாலும் டெவலப்மென்ட் போர்டில் உள்ள சிவப்பு விளக்கும், யுஎஸ்பி சிப்பும், ரெகுலேட்டரும் தூங்குவதில்லை; சில போர்டில் பத்து மில்லி ஆம்பியர்வரை தின்னும். மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். விழித்திருக்கும் செலவை எல்லோரும் அளக்கிறார்கள். தூங்கும்போது ஆகும் செலவை அளக்கும் பிள்ளையை இரண்டொரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

பவர் பேங்க் வைத்துச் சமாளிக்கலாம் என்றால், பல பவர் பேங்குகள் இழுப்பு குறைந்தால் தானாக அணைந்துவிடும். தூங்கும் கருவிக்கு அது உதவாது. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய 18650 செல்லில் உப்பியதோ துரு ஏறியதோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நல்ல செல்லையும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ள சார்ஜரில், சிமெண்ட் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். மெத்தை மேலும், சாமை மூட்டை பக்கத்திலும் ஒருபோதும் வேண்டாம்.

11. சோலார் தகட்டைத் தெற்கு பார்த்து, 15 டிகிரி சாய்வாக வையுங்கள். மலை இருப்பது பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில். இரண்டரை டிகிரி கூடுதலாகச் சாய்ப்பது புழுதியும் புளிய இலையும் மழையில் வழிந்து இறங்குவதற்கு. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் சூரியனே பார்க்காமல் போகலாம்; அதைக் கணக்கில் வைத்துச் செல் வாங்குங்கள்.

12. பெட்டிக்கு எவர்சில்வர் டப்பா வேண்டாம், ரேடியோ அலையை மறைத்துவிடும். கனமான பிளாஸ்டிக் டப்பா போதும். ஒயரை அடிப்பக்கத்திலிருந்து நுழையுங்கள். நுழைவதற்கு முன் ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஓட்டையை அடைக்க மலைவீட்டில் தேன்மெழுகு இருக்குமே, அதைவிட நல்லது எதுவும் இல்லை, எறும்பும் நுழையாது. நேர்வெயில் படும் இடமானால் மட்டும் சிலிக்கான் பசை. ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். ஈரப்பதம் அளக்கும் சென்சார் மட்டும் இந்தப் பெட்டிக்கு வெளியே, கீழ்நோக்கி, கொசுவலைத் துண்டு கட்டியபடி இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் அது சிலிக்கா ஜெல்லின் ஈரத்தைத்தான் அளக்கும்.

13. பிரெட்போர்டோடு பஸ் ஏறாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஆடி ஆடி, இறங்கும்போது எந்த ஒயர் எங்கே இருந்தது என்றே தெரியாது. சர்க்யூட் ஓடத் தொடங்கிய அன்றைக்கே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, டாட் போர்டில் சால்டர் செய்யுங்கள். சால்டர் கம்பியில் ஈயம் உண்டு. ஜன்னல் திறந்த இடத்தில், சின்னப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சோற்றில் கை வையுங்கள்.

14. மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ரிலே போடும் புராஜெக்ட் என்றால், 230 வோல்ட் பக்கத்தை உரிமம் உள்ள வயர்மேன் இணைக்கட்டும். டெமோவுக்கு 12 வோல்ட் சின்ன மோட்டாரே போதும், மதிப்பெண் குறையாது. காட்டுப்பன்றிக்கு வேலி என்று யாராவது வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடச் சொன்னால் அந்தப் புராஜெக்டையே விட்டுவிடுங்கள். குற்றம் என்பது இருக்கட்டும், அந்தக் கம்பியில் மாடும் மனுஷரும் செத்திருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் கேமராவோ சென்சாரோ வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். கைடு கையெழுத்திட்ட கடிதத்தோடு டிசம்பரிலேயே கேளுங்கள்.

தெருவிளக்குப் புராஜெக்ட் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒளி தரையில் மட்டும் விழும்படி மேலே தொப்பி போட்ட விளக்காகச் செய்யுங்கள். காவலூரில் தொலைநோக்கி இருப்பதே இந்த மலையின் இருட்டுக்காக.

15. எழுதும் எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள். டிஎஸ்3231 கடிகார மாடியூல், பொத்தான் செல்லில் ஓடி, வருடத்துக்கு ஒரு நிமிடம்போலத்தான் தவறும். நேரம் ஏன் முக்கியம் என்பதற்குக் காவலூரிலேயே கதை இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். எதிர்பாராத நேரத்தில் விண்மீன் ஒளி சில நொடி மங்கியது. புதிய துணைக்கோள் என்றே முதலில் கருதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவும் மற்ற இடங்களின் பதிவுகளும் சேர்ந்தபோது, அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம் என்று தெரிந்தது. விளக்கம் மாறியது, காவலூரின் பதிவு சான்றாக நிலைத்தது. அதனால் விசித்திரமாக வரும் எண்ணை 'சென்சார் தப்பு' என்று அழித்துவிடாதீர்கள். சென்சார் தந்ததை ஒரு கோப்பிலும், திருத்தியதை வேறு கோப்பிலும் வையுங்கள்.

16. இலைநோய், பழம் தரம் என்று படம் பார்த்துச் சொல்லும் ஏஐ புராஜெக்ட் செய்கிறீர்களா? இணையத்தில் கிடைக்கும் படத்தொகுப்பு பெரும்பாலும் ஒரே நிறத் தாளில் வைத்து எடுத்த இலைகள். உங்கள் கொல்லையில் காற்றில் ஆடுகிற இலையை அது பார்த்ததே இல்லை. குறைந்தது இருநூறு படமாவது நீங்களே போனில் எடுங்கள். ஒரே செடியின் படங்கள் பயிற்சிக்கும் தேர்வுக்கும் கலந்துவிடக் கூடாது. கலந்தால் 99 விழுக்காடு துல்லியம் வரும், அதில் ஒரு மெய்யும் இருக்காது. அந்த 99-ஐப் பார்த்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, ஒரே செடியின் படங்கள் இரண்டிலும் கலந்தனவா என்பதுதான்.

கருவி பேச வேண்டும் என்றால் கணினிக் குரலைத் தேட வேண்டியதில்லை. உங்கள் பாட்டியை "சாமைக்கு ஈரம் ஏறுது, வெயிலில் கொட்டு" என்று சொல்லவைத்துப் பதிவு செய்து, டிஎஃப்பிளேயர் மினி என்ற ஒலி மாடியூலில் போடுங்கள். இணையமே வேண்டாம்.

17. பணம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுக்கு நிதியுதவித் திட்டம் நடத்துகிறது. 'நான் முதல்வன்' திட்டத்தின் நிரல் திருவிழாவும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். ஏழாவது செமஸ்டர் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டுவையுங்கள். செலவுக் கணக்குக்குத்தான் அந்த பில்கள்.

18. ஆயத்தப் புராஜெக்ட் விற்கும் கடைக்குப் போகாதீர்கள். ஒரு வருடம், சாமை விற்ற காசில் வாங்கிய பெட்டியோடு ஒரு பையன் என் எதிரே உட்கார்ந்தான். இந்த ரெசிஸ்டர் ஏன் இங்கே என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியாமல் கண் கலங்கிவிட்டது. கெட்டிக்காரப் பையன், செய்ய விட்டிருந்தால் செய்திருப்பான். அந்தப் பணத்தில் பத்து சென்சாரைக் கருக்கிக் கற்றிருக்கலாம். இணையத்திலிருந்தோ ஏஐயிடமிருந்தோ எடுத்த கோடிங்கும் அப்படித்தான். ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள், எழுத முடியாத வரி இன்னும் உங்களுடையதாகவில்லை.

19. வீட்டாருக்கு. மேசையில் ஒயர் கிடந்தால் ஒழுங்குபடுத்த வேண்டாம். "கழற்றாதே" என்று எழுதிய பிளக்கைக் கிரைண்டருக்காகக்கூடக் கழற்ற வேண்டாம்; ஒரு வாரப் பதிவு அறுந்துபோகும். "எப்ப முடியும்?" என்று கேட்பதைவிட "இன்னிக்கு என்ன காட்டுச்சு?" என்று கேளுங்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லியே வைவாவுக்குத் தயாராகிவிடும் பிள்ளை. பெண்பிள்ளை என்றால் லீவுக்கு வந்த நாளில் அடுப்படி வேலையை அண்ணன் தம்பிமார் பார்த்துக்கொள்ளட்டும்.

20. டெமோ நாளுக்கு: உபரி போர்டில் அதே புரோகிராமை ஏற்றி, சோதித்து எடுத்துப்போங்கள். கல்லூரி வைஃபையை நம்பாமல் சொந்த ஹாட்ஸ்பாட். மலைவீட்டில் கருவி ஓடியபோது எடுத்த இரண்டு நிமிட வீடியோ, கோடிங்கின் பிரதி இரண்டு இடத்தில். ரிப்போர்ட்டில் முதலில் எழுத வேண்டியது அளந்த எண்களின் அட்டவணை. முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். ஊர்க்காரர் பெயரை நன்றியுரையில் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

21. வைவா முடிந்ததும் பெட்டியைக் கழற்றி பாகங்களை ஜூனியருக்கு விற்றுவிடாதீர்கள். திரும்பக் கொண்டுவந்து குதிர் அறையிலேயே மாட்டுங்கள். மூடியின் உட்பக்கம் தடித்த பேனாவில் எழுதிய தாளை ஒட்டி, மேலே ஒளிபுகும் டேப் போடுங்கள். எழுத வேண்டியவை: சிவப்பு ஒயர் எங்கே, கறுப்பு எங்கே, பேட்டரி எந்தப் பக்கம் பார்த்து நுழையும், எந்தத் தேதியில் மாற்றியது, பச்சை விளக்கு மினுக்கினால் நலம், சிவப்பு நின்றால் சாமையைக் காயப்போட வேண்டும், உப்புச் சோதனை செய்ய வேண்டிய மாதம். பேட்டரி மாற்ற அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, நீங்கள் கைவைக்காமல் அவரே ஒருதடவை மாற்றுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.